சமூகமும் சூழலும் சேர்ந்த மேற்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வு முடிவுகள் வரும் மே, ஜூன் மாதங்களில் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. அக்கா மகனின் நண்பன், பழைய ஆசிரியரின் மகள், பஸ் நிறுத்தத்தில் ஒருமுறை பேசியவர் என்று யாராவது அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. நான் வேதியியலில் பி.எஸ்ஸி., வளர்ச்சிக் கல்வியில் எம்.ஏ. படித்துவிட்டு, ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களில் மண்டிய சீமைக் கருவேலத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவன். ஒரே பதிலைப் பலமுறை சொல்லி அலுத்துப்போய், கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சுற்றுச்சூழலும் சமூகமும் சேர்ந்த படிப்பு என்கிறீர்களே, அப்படி ஒரு பட்டம் உண்மையிலேயே இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் ஒரே பெயரில் இல்லை, அதுதான் முதல் குழப்பம். ஓர் இடத்தில் 'வளர்ச்சிக் கல்வி', இன்னோர் இடத்தில் 'சுற்றுச்சூழலும் வளர்ச்சியும்', மற்றொன்றில் 'காலநிலை மாற்றமும் நிலைத்தன்மையும்', வேறொன்றில் 'தொழில்நுட்பமும் வளர்ச்சியும்' என்று பெயர் வைத்திருப்பார்கள். பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். நீரியல், சூழலியல் போல ஒரு பக்கமும், பொருளியல், சமூகவியல், சட்டம் போல மறுபக்கமும் கட்டாயப் பாடங்களாக இருக்கின்றனவா? களப்பணிக்குப் பல வாரங்கள் ஒதுக்கியிருக்கிறார்களா? இரண்டும் இருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. களப்பணி என்ற பெயரில் மூன்று நாள் சுற்றுலா மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இது நேற்று முளைத்த படிப்பும் அல்ல. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆற்றல், இயற்கை வளங்கள் பற்றிய தனிக் குழு 1973இல் தொடங்கியது. அங்கே இயற்பியல் படித்தவரும் பொருளியல் படித்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். மும்பை ஐஐடியில் ஊரகப் பகுதிகளுக்கான மாற்றுத் தொழில்நுட்ப மையம் 1985இல் உருவானது.

"எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியலே இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?"

நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992இல் திறக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கியது. அணையில் தண்ணீர் இருந்தால் மகிழ வேண்டிய விவசாயிகள், அந்தத் தண்ணீரால் பயிரும் கிணறும் கெட்டுப்போகின்றன என்று நீதிமன்றம் போனார்கள்.

அந்த நீரில் என்ன கரைந்திருக்கிறது, எப்படி அளப்பது, எப்படிச் சுத்திகரிப்பது என்ற கேள்விகளுக்கு எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் உங்களைத் தயார்செய்யும். நல்ல படிப்பு, குறைசொல்ல மாட்டேன். ஆனால் நொய்யலில் அதற்குப் பிறகும் கேள்விகள் இருக்கின்றன. ஒரு பனியனின் விலையில் சுத்திகரிப்புச் செலவை ஏற்க வேண்டியவர் பட்டறைக்காரரா, ஏற்றுமதியாளரா, வெளிநாட்டு வணிகரா? இழப்பீட்டை நிலத்தின் பரப்பை வைத்துக் கணக்கிட்டால், நிலமே இல்லாத கூலிக்காரருக்கு என்ன கிடைக்கும்? கழிவை முற்றாக நிறுத்தாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, வேலை இழந்த தொழிலாளி எங்கே போனார், சாயத் தொழில் எந்த ஊருக்கு நகர்ந்தது? உப்பின் அளவையும் இந்தக் கேள்விகளையும் ஒரே ஆளின் மேசையில் வைப்பதுதான் இந்தப் படிப்பு.

"நான் பி.இ. சிவில், தங்கை பி.காம். இரண்டு பேரும் சேர முடியுமா?"

முடியும். பெரும்பாலான எம்.ஏ. படிப்புகளுக்கு ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் போதும். எம்.டெக். என்றால் பொறியியலோ அறிவியல் முதுநிலையோ கேட்பார்கள். இந்தியாவில் காடு, நீர் பற்றிய ஆய்வில் முக்கியமானவர்களில் ஒருவரான சரச்சந்திர லேலே, மும்பை ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு, முன்னே சொன்ன பெர்க்லி குழுவில் முனைவர் பட்டம் பெற்றவர். பொறியாளர்கள் முதல் பருவத்தில் திணறுவது கட்டுரை எழுதுவதில். வணிகவியல் மாணவர்கள் திணறுவது வரைபடத்திலும் புள்ளியியலிலும். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே வீட்டில் இருப்பது உங்களுக்குக் கூடுதல் வசதி.

"எங்கே படிக்கலாம்? நான்கைந்து பெயர் மட்டும் சொல்லுங்கள்."

முதுநிலைக்கு மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், டெல்லியில் அம்பேத்கர் பல்கலைக்கழகமும் டெரி உயராய்வு நிறுவனமும், சென்னை ஐஐடியின் மானுடவியல், சமூக அறிவியல் துறை, மும்பை ஐஐடியின் ஊரகத் தொழில்நுட்ப மையம். டாட்டா நிறுவனத்துக்குக் கியூட் என்ற பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாள் வழியாகச் சேர்க்கை நடக்கிறது. மற்றவற்றின் நடைமுறையை அவரவர் அறிவிப்பில் பாருங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாற்றுகிறார்கள்.

ஆய்வுக்கு என்றால் இரண்டு இடங்களைத் தனியாகச் சொல்வேன். சென்னை அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கியது. பாலாற்றில் தோல் பதனிடும் கழிவும், காவிரியில் நீர்ப் பங்கீடும் அங்கே பல ஆண்டுகள் ஆராயப்பட்டன. பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில் தமிழ்நாட்டு, கர்நாடக விவசாயிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய 'காவிரிக் குடும்பம்' 2003இல் அமைந்ததும் அங்கிருந்துதான். இன்னொன்று பெங்களூரில் உள்ள ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி அமைப்பு. அதற்கு மணிமுத்தாறில் ஒரு களமையம் இருப்பதால், தாமிரபரணிக் குளங்களையும் அகத்தியமலைக் காட்டையும் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்கு மொழிச் சிக்கல் இல்லை.

"பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. ஆங்கிலத்தில் நூறு பக்கம் படிக்கச் சொல்வார்களாமே?"

சொல்வார்கள், வாரத்துக்கு நூறு பக்கத்துக்கு மேலேயே. முதல் பருவம் கடினமாக இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். நானும் தமிழ்வழிதான். ஒரு கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரை அகராதியோடு படித்து விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படித்து, 'இவர் யாரோடு சண்டை போடுகிறார்' என்று கண்டுபிடித்துவிட்டு நடுப்பகுதிக்குள் போகலாம் என்று மூத்த மாணவி ஒருவர் சொல்லிக்கொடுத்த பிறகே மூச்சு வந்தது.

களத்துக்குப் போனதும் நிலைமை தலைகீழாகும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசிய என் வகுப்புத் தோழர்களுக்கு தண்ணீர் திறந்துவிடும் மடை எது, உபரி நீர் வழியும் கலுங்கு எது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எது என்று தெரியவில்லை. கண்மாயில் நீர் நிற்கும் பரப்பைப் பற்றி, 'உள்வாயில் எவ்வளவு மண்ணடித்திருக்கிறது' என்று பெரியவர் சொன்னால், அதை மொழிபெயர்த்துக் கேட்பதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அந்தச் சொற்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அதை ஒரு சொத்தாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"செலவு எவ்வளவு ஆகும்? கடன் வாங்காமல் முடியுமா?"

அரசு நிறுவனங்களில் கட்டணம் தாங்கும் அளவில் இருக்கும். தனியார் பல்கலைக்கழகங்களில் சிலவற்றில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தை முழுமையாகவே தள்ளுபடி செய்கிறார்கள். எனவே கட்டணப் பட்டியலைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை மூடிவிடாதீர்கள். உதவித்தொகைப் பக்கத்தையும் படியுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், மூத்த ஆய்வாளரானபின் 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள தொகை இது. வீட்டு வாடகைப் படி தனி. பணம் மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று மட்டும் நம்பி வீட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு ஒருமுறை ஏழு மாதம் நிலுவை.

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகிவிடாதா? எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்தால் எதிலும் ஆழம் இருக்காதே?"

இந்தப் பக்கத்திலேயே மிகச் சரியான கேள்வி இதுதான். ஆம், அப்படி ஆகிறவர்கள் இருக்கிறார்கள். 'நிலைத்தன்மை', 'பங்கேற்பு', 'அதிகாரமளித்தல்' என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கவும் தெரியாது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் வருவாய்ப் பதிவேடான அடங்கலைப் படிக்கவும் தெரியாது. பல்துறை என்ற சொல்லே அவர்களுக்கு ஒரு போர்வை.

தப்பிக்க வழி, ஒரு வேலையில் கை தேர்வது. புள்ளியியலாக இருக்கலாம், செயற்கைக்கோள் படங்களைப் படிப்பதாக இருக்கலாம், ஆவணக் காப்பகத்தில் பழைய வருவாய்த் துறைக் கோப்புகளைத் தோண்டுவதாக இருக்கலாம், நீண்ட நேர்காணலாக இருக்கலாம். அதில் உங்களை அந்தத் துறைக்காரரே குறைசொல்ல முடியாத அளவுக்குத் தேற வேண்டும். மற்ற துறைகளில், அங்கே உள்ளவர் சொல்வது புரிந்து, எங்கே அவரைச் சந்தேகிக்கலாம் என்று தெரிகிற அளவு போதும். எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். படித்ததோ அரசியல் அறிவியல். மீன்வளம், மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால் போன்ற பொதுச் சொத்துகளை ஊர்க்காரர்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர். அவர் எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தவர் அல்ல. நிறுவனங்களும் விதிகளும் எப்படி இயங்குகின்றன என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எல்லா நிலத்திலும் நடந்தவர்.

"பருவநிலை மாற்றம் பற்றி ஆய்வு செய்யப்போகிறேன். தலைப்பு சரிதானே?"

அது தலைப்பு இல்லை, அது வானிலை. எந்த ஊர், எந்த நீர், யாருடைய பிழைப்பு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று சுருக்குங்கள். பிறகு அதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நியாயமான இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்லும் இடமே முடிச்சு.

என் தலைப்பு அப்படிக் கிடைத்ததுதான். சீமைக் கருவேலம் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது, வெட்ட வேண்டும் என்று ஒரு பக்கம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் சோறு தின்றோம் என்று மறுபக்கம். 2017இல் மரத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு அதற்குத் தடை விதித்தது. 2022இல் அயல் தாவரங்களுக்கென்று மாநில அரசே ஒரு கொள்கை வெளியிட்டது. ஊர்ப் பெரியவர்கள், காமராசர் காலத்தில் விதை தூவினார்கள் என்பார்கள். ஆவணங்களைப் பார்த்தால் மரம் 1870களிலேயே இந்தியாவுக்குள் வந்துவிட்டது. வந்தது எப்போது என்பது ஆவணத்தின் கணக்கு. எப்போது தங்கள் வயலோரம் வந்தது என்பது பெரியவர்களின் கணக்கு. ஆய்வுக்கு இரண்டும் வேண்டும்.

களத்துக்கு முதன்முதலாகப் போனபோது 64 கேள்விகள் கொண்ட படிவத்தை எடுத்துப்போனேன். அதில் ஏழாவது கேள்வி மாத வருமானம் எவ்வளவு என்பது. மூட்டத்தின் அருகே உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'மாதத்தைக் கேட்கிறாயே ஐயா, மூட்டத்தைக் கேள்' என்றார். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, மேலே தீ வைத்தால் அது நாட்கணக்கில் உள்ளுக்குள் வேகும். முதலில் வெள்ளையாகக் கிளம்பும் புகை மெலிந்து நீலமானால் மரம் கரியாகிவிட்டது என்று பொருள். நடுவில் பூச்சு வெடித்துக் காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். எனவே இரவிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஆச்சியின் கணக்கு அந்த மூட்டத்தில் ஓடுகிறது, நாள்காட்டியில் இல்லை. அன்றிரவே படிவத்தைக் கிழித்துவிட்டுப் பதினொரு கேள்விகளோடு புதிதாகத் தொடங்கினேன்.

"அறிவியல் முறைப்படி அளந்துவிட்டால் போதாதா? ஊர்க்காரர் பேச்சு எல்லாம் எதற்கு?"

ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தின் கதையைக் கேளுங்கள். தேசியப் பூங்கா என்று அறிவித்தபின், 1982 நவம்பரில் உள்ளே எருமை மேய்க்கத் தடை விதித்தார்கள். மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பது அன்றைய நிபுணர்களின் எண்ணம். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல ஆண்டுகள் ஆய்வு செய்தது. எருமைகள் தின்னாததால் ஒருவகை நீர்ப்புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது, பறவைகளுக்கு இரை தேடும் இடம் குறைந்தது என்பதே முடிவு. மேய்ச்சல் அந்தச் சதுப்பு நிலத்துக்கே உதவிக்கொண்டிருந்தது.

ஊர்ப் பேச்சு எப்போதும் சரி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தவற்றைக் கண்டுபிடித்ததும் அறிவியல்தான், அதுவும் பொறுமையான, நீண்ட அளவெடுப்பு. அந்த ஆய்வை நடத்திய வி.எஸ். விஜயன் பிறகு கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானார். ஆனால் தடைக்கு முன்பே மேய்ச்சல்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால், அளக்க வேண்டியது எது என்பதாவது தெரிந்திருக்கும். மூட்டத்தடி ஆச்சி எனக்குச் சொன்னதும் அதே வகைதான்.

"இரண்டு நெறியாளர்கள். ஒருவர் மண்ணியல், ஒருவர் சமூகவியல். இருவரும் எதிரெதிராகத் திருத்துகிறார்கள். என்ன செய்வது?"

ஒருவருக்கு நூறு வீடு போதாது, இன்னொருவருக்கு ஐந்து வீடே அதிகம். ஒருவர் 'மாதிரி எங்கே' என்பார், மற்றவர் 'மனிதர் எங்கே' என்பார். நடுவில் நீங்கள் தபால்காரர் ஆகிவிடுவீர்கள். அந்த வேலையை ஏற்காதீர்கள். முதல் ஆண்டிலேயே இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எந்த அத்தியாயத்துக்கு யார் இறுதிச் சொல் என்று பேசி, அன்று மாலையே அதை மின்னஞ்சலில் எழுதி இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். பண்பாக, இரண்டே பத்தியில். மூன்று ஆண்டு கழித்து அந்த மின்னஞ்சல் உங்களைக் காப்பாற்றும்.

ஆய்வேட்டைத் திருத்தும் வெளித் தேர்வாளர்களும் ஒரே துறையைச் சேர்ந்தவர்களாக இருந்தால் பாதி ஏடு அவர்களுக்குப் புரியாது. பெயர்களைப் பரிந்துரைக்கும்போதே நெறியாளரிடம் இதை நினைவூட்டுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. நெறியாளர்களின் பிணக்கில் ஒன்றரை ஆண்டைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

"சொந்த ஊரிலேயே ஆய்வு செய்யலாமா? எல்லாரையும் தெரியும், வேலை சுலபம்."

எல்லாரையும் தெரியும் என்பதுதான் சிக்கல். அதைவிட, எல்லாருக்கும் உங்களைத் தெரியும். இன்னாருடைய பேரன், இன்ன தெரு, இன்ன சாதி என்று தெரிந்த பிறகே உங்களுக்குப் பதில் வரும். கண்மாய் மடையைத் திறந்து மூடி வயலுக்கு வயல் நீர் பங்கிடுகிறவரை எங்கள் பக்கம் நீர்க்கட்டி என்பார்கள். நான் போன ஊர்களில் அவர்கள் பெரும்பாலும் தலித்துகள். நிலம் பெரும்பாலும் மற்றவர்களிடம். கண்மாய்க்கரையில் நிலக்காரர் எதிரில் அவரைக் கேட்டபோது, தண்ணீர் நியாயமாகத்தான் பங்கிடப்படுகிறது என்றார். மறுநாள் காலை டீக்கடையைத் தாண்டித் தனியாக நடக்கும்போது வேறு கதை சொன்னார். நீரியல் வரைபடத்தில் இது வராது.

எனவே சொந்த ஊரை விட்டு, சொற்கள் புரிகிற தூரத்தில் பக்கத்து வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். சொந்த ஊர்தான் வேண்டும் என்றால், நீங்கள் எந்தத் தெருவிலிருந்து பேசுகிறீர்கள் என்பதை ஆய்வேட்டிலேயே மறைக்காமல் எழுதுங்கள்.

"ஆய்வு செய்கிற ஊரில் போராட்டம் நடக்கிறது. நான் போய் உட்காரலாமா?"

உட்காருங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல முடியாது. ஒன்று மட்டும்: நீங்கள் விரும்பும் தரப்புக்குப் பாதகமான எண் கிடைத்தாலும் அதை எழுதுவீர்களா என்று முன்கூட்டியே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சோதனை வந்தது. கரிமூட்டக்காரர்கள் பக்கம் மனம் சாய்ந்திருந்த எனக்கு, மரம் அடர்ந்த வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு நீர் வருவது தடைபடுகிறது என்பதையும் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். ஓர் ஊரில் கொஞ்ச நாள் எனக்கு டீ கிடைக்கவில்லை.

இன்னொன்று, உங்கள் குறிப்பேடு போலீஸ் கையிலோ எதிர்த்தரப்பு கையிலோ போனால் யாருக்கு ஆபத்து என்று யோசியுங்கள். பெயர்களை முதல் நாளிலிருந்தே மாற்றி எழுதிப் பழகுங்கள்.

"கடைசியில் வேலை கிடைக்குமா, கிடைக்காதா?"

கிடைக்கும், ஆனால் வளாகத்துக்கு வந்து வரிசையில் நிற்கவைத்து எடுத்துப்போகிற வேலை அல்ல. முதல் வகை, தொண்டு நிறுவனங்களும் ஆராய்ச்சி அமைப்புகளும். மதுரையில் கண்மாய்ச் சீரமைப்பில் நீண்ட அனுபவம் உள்ள தான் அறக்கட்டளை, கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை போன்றவை. சம்பளம் மிதமாக இருக்கும். இரண்டாவது, அரசுத் திட்டங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் மாவட்ட அளவில் இளைஞர்களை நியமிக்கிறார்கள், அண்ணா பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயமும் சேர்ந்து கிடைக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கோப்பு எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று அங்கே கற்பதை எந்த வகுப்பிலும் கற்க முடியாது.

மூன்றாவது, கார்ப்பரேட் நிறுவனங்கள். பங்குச்சந்தையில் உள்ள முதல் ஆயிரம் நிறுவனங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியதால் ஆள் தேவைப்படுகிறது. சம்பளம் நன்றாகவே இருக்கிறது. வேலை பெரும்பாலும் அட்டவணை நிரப்புவது. கல்விக் கடன் இருந்தால் மூன்று ஆண்டு போய் அடைத்துவிட்டு வாருங்கள், யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை.

"கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும். இந்தப் பட்டம் போதுமா?"

இங்கேதான் பலர் கால் தடுக்கி விழுகிறார்கள், கவனமாகப் படியுங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு 'உரிய பாடம்' என்று ஒன்று கேட்பார்கள். பொருளியல் துறைக்குப் பொருளியல் முதுநிலை, சமூகவியல் துறைக்குச் சமூகவியல் முதுநிலை. உங்களிடம் இருப்பது 'சுற்றுச்சூழலும் வளர்ச்சியும்'. அது எதற்கு இணை என்ற கேள்வி விண்ணப்பத்தின் இறுதி நாளில்தான் எழும். தமிழ்நாட்டில் இணைத்தன்மைக்கு உயர்கல்வித் துறையின் அரசாணைகள் இருக்கின்றன. சேர்வதற்கு முன்பே உங்கள் பட்டத்தின் பெயர் அவற்றில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரைப் பார்க்காதீர்கள் என்று முதல் பதிலில் சொன்னேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் பெயரைப் பாருங்கள், ஒரு எழுத்து விடாமல்.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் வளர்ச்சிக் கல்வி தனிப் பாடம் அல்ல, பொருளியல் தாளுக்குள் அடங்கும். சுற்றுச்சூழல் அறிவியலுக்குத் தனித் தாள் உண்டு. இரண்டில் எதை எழுதுவது என்பதை, எந்தத் துறையில் வேலை தேடப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள்.

"வெளிநாட்டில் படிக்க அரசு உதவி உண்டாமே?"

உண்டு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோருக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு அது கிடையாது என்று 2022இல் விதியை மாற்றினார்கள். சாதியும் தண்ணீரும் பற்றி வெளிநாட்டில் ஆராய நினைக்கும் தலித் மாணவருக்கே கதவு மூடுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன் நடப்பு ஆண்டின் விதிகளைப் படித்துவிடுங்கள், தலைப்பை அதற்கேற்ப வகுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசின் உதவித்தொகைகளையும் ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளையும் சேர்த்தே பாருங்கள்.

"எங்கள் பெண் தனியாக ஊர் ஊராகச் சுற்ற வேண்டுமா?" (பெரும்பாலும் அப்பாக்கள்)

சுற்ற வேண்டும். ஆனால் தனியாக அல்ல. உள்ளூர் ஆசிரியை, சுகாதாரச் செவிலியர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி என்று யாராவது ஒருவர் வீட்டில் தங்கியே பெரும்பாலான மாணவிகள் களப்பணி செய்கிறார்கள். என் வகுப்புத் தோழி அடுப்படியில் உட்கார்ந்து கேட்டு வாங்கிய பதிலோடு ஒப்பிட்டால், நான் வாசலில் நின்று கேட்டு வாங்கியது அரைகுறைதான். விறகுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதை எந்த ஆணும் எனக்குச் சரியாகச் சொன்னதில்லை, அவர்களுக்குத் தெரியாது. மகளோடு ஒருமுறை அந்த ஊருக்குப் போய், அவர் தங்கப்போகும் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு வாருங்கள், சார். பிறகு முடிவெடுங்கள்.

"இவ்வளவும் சொல்கிறீர்களே, உங்கள் ஆய்வால் அந்தக் கண்மாய்க்கு என்ன ஆனது?"

வாய்மொழித் தேர்வில்கூட யாரும் இதைக் கேட்கவில்லை. பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு மாணவி ஒருவர் கேட்டார்.

ஆய்வேட்டை ஊரில் யாரும் படிக்கவில்லை, ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம். ஆனால் மடைகள், கலுங்கு, வரத்துக்கால் எல்லாம் குறித்து நாங்கள் வரைந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தமிழில் பெயர் எழுதி ஊருக்குக் கொடுத்திருந்தோம். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் என்பதால் அது நீர்வளத் துறையின் (முன்பு பொதுப்பணித் துறை) பொறுப்பு. ஆயக்கட்டுதாரர்கள் அந்த வரைபடத்தை இணைத்து மனு கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வரத்துக்காலில் மட்டும் பொக்லைன் வைத்து மரத்தைத் தூரோடு எடுத்தார்கள். உள்வாயில் கொஞ்சம் விட்டுவைத்தார்கள், அது மூட்டக்காரர்களுக்கு. அந்த ஆண்டு மழை நன்றாக இருந்தது, எனவே நீர் வந்ததற்கு எது காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. போன மாசியில் போயிருந்தேன். வரத்துக்காலில் சீமைக் கருவேலக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. ஆச்சியின் மகன் அடுத்த கண்மாயில் மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.